பூங்காவனம் தாண்டிய பாடம்

பூங்காவனம் என்ற தாய்க்கரடி, தேனெடுக்கப் போய் மருதமரத்திலிருந்து விழுந்தாள். உயிர் தப்பியது. இடுப்புதான் போயிற்று. குட்டி சீனி முதுகில் ஏறினாலே கண்ணில் பூச்சி பறந்தது.

கோடை தொடங்கிவிட்டது. குட்டை வற்றியதும் எல்லா விலங்குகளும் வழுக்குப்பாறை ஏறி, மறுபக்கத்து ஆற்றுக்குப் போய்விடும். கரடிக்குட்டி அந்தப் பாறையைத் தாய் முதுகில்தான் கடக்கும். முதுகு சரியாகாவிட்டால் சீனியின் கதி என்ன? அந்த நினைப்பே பூங்காவனத்தைத் தின்றது.

குட்டைக்கரையில் ரங்கநாயகி என்ற மந்தி, இடுப்புக்கும் முதுகுக்கும் பலம் தரும் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சியைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காட்டோர விடுதியில் மனிதர்கள் செய்வதைக் கிளையிலிருந்து பார்த்துக் கற்றவள். கோரைப்புல்லைப் பாயாகப் பரப்பி, நீர்நாய்கள் அழகாகக் கால் தூக்கிக்கொண்டிருந்தன. பூங்காவனமும் ஒரு மூலையில் போய்ப் படுத்தாள்.

"முழங்காலை மடக்கிக்கோ அக்கா. மூச்சை வெளியே விட்டுக்கிட்டே வயித்தை மெதுவா உள்ளே இழு. இப்போதைக்கு உனக்கு இவ்வளவுதான்," என்றாள் ரங்கநாயகி.

பூங்காவனத்துக்குச் சப்பென்று போய்விட்டது. புற்றில் வாயை வைத்து, மூச்சை உறிஞ்சியே கறையானை வெளியே இழுக்கிற சாதி கரடிச் சாதி. அவளுக்கு மூச்சுப் பாடமா? வயிற்றை இழு என்றால், புற்றில் உறிஞ்சுவதுபோலக் காற்றை உள்ளே இழுத்து அடக்கிக்கொண்டாள். வயிறு கல்லாகி இடுப்பு வில்லாக வளைந்தது. மந்தி பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டாள். மூச்சை அடக்கினால் பாரமெல்லாம் அடிபட்ட இடத்தில்தான் விழும் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

நாலு நாள் போயிற்று. பூங்காவனம் இன்னும் மல்லாந்தே கிடந்தாள். நேற்று வந்த நீர்நாய்க்குட்டிகூட இரண்டு காலையும் நீட்டித் தூக்கிவிட்டு, அவளைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. குட்டையில் தண்ணீர் சேறாகிக்கொண்டிருந்தது.

"வெறும் மூச்சு விடவா இங்கே வந்தேன்? எம் புள்ளைய எப்போ தூக்குறது?" என்றாள்.

"மூச்சு வந்தா முதுகு வரும். கொஞ்சம் பொறுத்துக்கோ அக்கா."

பூங்காவனம் பொறுக்கவில்லை. மந்தி அந்தப் பக்கம் திரும்பியதும், பழக்கப்படியே காற்றை உறிஞ்சி அடக்கி, இரண்டு காலையும் நீட்டி ஒரே தூக்காகத் தூக்கினாள். நீர்நாய்கள் வாயைப் பிளந்தன. அந்த ஒரு கணம் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கணம் இடுப்பில் ஏதோ சுருக்கென்றது. கால்கள் தொப்பென்று விழுந்தன. அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை.

குட்டை காய்ந்து வெடித்தது. விலங்குகள் கிளம்பின. கரடியைத் தூக்கிப்போக யாரால் முடியும்? சீனியை மட்டுமாவது கையைப் பிடித்து இழுத்துப் போகிறேன் என்றாள் ரங்கநாயகி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ எப்பம்மா வருவே?" என்றது சீனி.

"முன்னாடி போ கண்ணு. பின்னாலேயே வந்துடறேன்," என்றாள் பூங்காவனம். குட்டியிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

பாறையில் கால் வைத்ததுமே சீனி வழுக்கி விழுந்தது. மறுபடியும் வழுக்கியது. அம்மா வந்து தூக்குவாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவளோ கிடந்த இடத்தைவிட்டு அசையக்கூட முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாடத்தைக் கேவலமென்று தாண்டிப் போகிறவர்கள், எதற்காகப் படிக்க வந்தார்களோ அதையே பறிகொடுத்துவிடுவார்கள்.