சுத்தக்காரப் பெருச்சாளியும் முளைக்காத பயறும்

காட்டோரக் குளத்தங்கரையில் சிங்காரம் என்றொரு பெருச்சாளி இருந்தது. அதன் வளைக்கு முன்னால் கொஞ்சம் நிலம். நிலம் முழுக்கக் கோரைப்புல். பிடுங்கிப் பிடுங்கிச் சலித்த சிங்காரம், பக்கத்துத் தோட்டத்திலிருந்து களைக்கொல்லி டப்பாவைத் திருடி வந்து மொத்தத்தையும் கொட்டியது. கோரை கருகியது. சந்தோஷத்தில் சிங்காரத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"மண்ணுல விஷம் நிக்குமே. பயறு எப்படிங்க முளைக்கும்?" என்று கேட்டது மனைவி பொன்னி. அதன் வயிற்றில் குட்டிகள். வீட்டில் இருந்ததோ இரண்டு பிடி பச்சைப்பயறு. அதை விதைத்து எடுத்தால்தான் குட்டிகளுக்குச் சாப்பாடு.

"கொஞ்ச நாள்ல மண்ணே அதைத் தின்னுடும். தோட்டக்காரன் சொன்னதை என் காதால கேட்டேன்."

கேட்டது சரிதான். ஆனால் வளைகாப்புக்கு மாமனார் வருகிறாரே! சருகு, சாணம் எல்லாவற்றையும் சிங்காரம் வேலிக்கு வெளியே கூட்டித் தள்ளியது. சேறாகுமென்று வாய்க்காலையும் அடைத்தது. நிலம் கல்யாண மண்டபத் தரை மாதிரி ஆனது.

பிறகு ஒரு பிடி பயறு விதைத்தது. முளைகள் வெளுத்துப்போய் எட்டிப் பார்த்தன, அப்படியே செத்தன.

"ஏ சோம்பேறி மண்ணே! விஷத்தைத் தின்னாம என்ன பண்றே?" என்று சிங்காரம் தரையை உதைத்தது.

"யார்றா அது, தூங்குறவங்களை எழுப்புறது?" என்று கீழேயிருந்து ஆயிரம் குரல்கள் கேட்டன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்! "விஷம் எங்களுக்குத் தொட்டுக்கத்தான். சோத்தைக் கூட்டித் தள்ளிட்டே. தண்ணியும் இல்ல. வெறும் ஊறுகாயை எவன் தின்பான்?"

"அது குப்பை!"

"உனக்குக் குப்பை, எங்களுக்குப் பந்தி."

பொன்னி மீதிப் பயறை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "மொதல்ல அந்தச் சாணத்தை அள்ளிட்டு வாங்க. அதுவரைக்கும் இதுல கை வச்சா கடிச்சிருவேன்."

வளைகாப்பு அன்று மாமனார் வந்தபோது, சிங்காரம் தலையில் சாணக்கூடையோடு நின்றது.

"இதென்ன கோலம் மாப்பிள்ளை?" என்று மாமனார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பந்தி பரிமாறுறேன் மாமா."

வாய்க்கால் திறந்தது, மண் நனைந்தது, கீழே விருந்து நடந்தது. பொன்னி அவசரப்படவில்லை. நாலே நாலு பயறு போட்டுப் பார்த்து, அவை பச்சையாக எழுந்த பிறகே மீதியை விதைத்தது. குட்டிகள் பல் முளைத்து வெளியே வந்தபோது செடிகளில் காய் தொங்கியது. சிங்காரம் துடைப்பத்தைத் தொட்டால் பொன்னி இன்றும் கடிக்கும்.

நம் அழுக்கைத் தின்று தீர்ப்பவர்களுக்குச் சோறு போடாமல் வாசலை மட்டும் பளபளப்பாக்கினால், அந்த அழுக்கு நம் பிள்ளைகளின் தட்டில்தான் வந்து விழும்.