சம்மதமா என்று கேட்ட கருவி

"அம்மா, இந்தக் கருவி தினமும் காலையில ஒரே கேள்விய கேக்கு. இதோட வாயை அடைக்க ஒரு வழி சொல்லுங்க."

தாணுமாலயன் கைபேசியைக் குருவின் முன்னால் வைத்தார்.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரு நீலாவதிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மலையடிவாரத்து அந்தச் சின்ன ஆசிரமத்தில் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

குருவுக்குக் கைபேசியில் பேசத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

தாணுமாலயன் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

மனைவி பகவதிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். காலையும் மாலையும் ஒரு பெண் வந்து உடம்பு துடைத்து, துணி மாற்றிவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் பகவதி தனி. இவரோ விடிந்ததும் தியானத்துக்கு ஆசிரமம் வந்துவிடுவார், இருட்டினால்தான் வீடு.

போன மாதம் பகவதி தண்ணீருக்குக் கை நீட்டிக் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். இவர் போகும்வரை தரையில்தான் கிடந்தார்.

மறுநாளே கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா மாட்டினார். வீட்டுக்குள் இருந்தால் படம் தெரிந்தது. ஆசிரமத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் இணையம் தரும் ரவுட்டர் பெட்டி வெளியிலிருந்து வரும் எதையும் உள்ளே விடாது, அதில் போர்ட் என்கிற வாசல் ஒன்றைத் திறந்துவிட்டால் தெரியும் என்று யாரோ சொன்னார்கள்.

மனிதர் பிடித்தால் விடமாட்டார். கைபேசியில் ஒரு ஏஐ உதவியாளரை இறக்கினார். ரவுட்டரின் கடவுச்சொல்லை அதற்குக் கொடுத்தார். போர்ட்டைத் திற என்று எழுதினார்.

அது வேறு பத்திரமான வழிகளை எடுத்துச் சொன்னது. இவர் கேட்கவில்லை. கடைசியில் திறந்தது.

ஆனால் அவர் வீடு திரும்பி இரவானால், இனித் தேவையில்லை என்று அதுவே மூடிவிடுகிறது. காலையில் மறுபடி திறக்கச் சொன்னால், முதலில் அந்தக் கேள்வியைக் கேட்கிறது.

"என்ன கேள்வி?" என்றார் குரு.

தாணுமாலயன் வாசித்தார். "இந்தப் போர்ட்டைத் திறந்தால் முன்பின் தெரியாதவர்களும் கேமராவுக்குள் வர வாய்ப்பு உண்டு. அறையில் இருப்பவருக்குச் சம்மதமா?"

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஆமான்னு அழுத்துவேன். வேற என்ன சொல்ல? அவ திரும்ப விழுந்தா யாரு பாப்பா? எல்லாம் அவ மேல உள்ள அக்கறைலதானம்மா."

குரு கைபேசியைக் கையில் எடுத்தார். இதில் எப்படிப் படம் பிடிப்பது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அன்று முழுக்க அவர் தாணுமாலயனை விடவில்லை.

கஞ்சி குடிக்கும்போது கைபேசி முகத்துக்கு நேரே நின்றது. தியானத்தில் கண் திறந்தால் எதிரே நின்றது. மதியம் வாயைப் பிளந்து தூங்கிவிட்டு எழுந்து பார்த்தால், கால்மாட்டில் குரு கைபேசியோடு உட்கார்ந்திருந்தார்.

ஏதோ பெரிய தத்துவம் வரப்போகிறது என்று தாணுமாலயனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பொறுப்பதில் அவரை மிஞ்ச அந்த ஆசிரமத்தில் ஆள் கிடையாது.

வெயில் தாழ்வதற்கு முன்பே கிணற்றடிக்குப் போனார். இடுப்பில் துண்டோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். கைபேசி அங்கேயும் நின்றது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா இது?"

"உங்க மேல உள்ள அக்கறைதான். கிணத்தடி வழுக்கும்லா."

"அதுக்காக இப்பிடியா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

குரு கைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தாணுமாலயன் ஈரத்தோடு அங்கேயே நின்றார். வெட்கமாக இருந்தது. தன்னை யாரோ பார்த்தார்கள் என்ற வெட்கம் சீக்கிரம் போய்விட்டது. இன்னொரு வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது, அது போகவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து பல மாதம் ஆகியிருந்தது. அறைக்குள் அனல் அடித்தது. பகவதி கழுத்துவரை போர்வையை இழுத்து மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். கேமராவில் தினமும் இப்படித்தான் தெரிவார். தூங்குகிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

கிட்டே போய்ப் பார்த்தார். கண் திறந்துதான் இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

தாணுமாலயன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். கேமராவை எதற்கு மாட்டினார், எங்கிருந்து பார்க்கிறார், எதைத் திறந்து வைத்தார், வேறு யாரெல்லாம் அதன் வழியாக வந்துவிடலாம், ஒன்றையும் மறைக்கவில்லை. துணி மாற்றும் நேரத்தில்கூட அது திறந்துதான் கிடந்தது என்பதையும் சொன்னார்.



"நீ விழுந்து கெடந்ததுல இருந்து எனக்கு ஈரக்கொலையே நடுங்குது, பகவதி. உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கணும் எனக்கு. ஒங்கிட்ட கேக்காம செஞ்சது தப்புதான். இப்ப கேக்கேன். உனக்குச் சம்மதமா?"

பகவதி இடக்கையால் போர்வையைத் தள்ளினார். பதில் சொல்ல வாய் கோணியது. ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

"பாக்கணும்னா..."

மூச்சு வாங்கியது. தாணுமாலயன் காத்திருந்தார்.

"வீட்டுல இருங்க."