அடிப்பிடித்த பாயசம்

"பாவம், அந்த அக்கா வீட்டுல யாருக்குத்தான் பசி அடங்கலையோ."

பாத்திரக் கடையின் மேல்மாடியில், அடுக்கி வைத்த குக்கர்களுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு விற்பனைப் பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள்.

இந்தப் பக்கம் உலகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் மிஷின் ஒன்று, பெட்டியோடு இருந்தது.

"போன தடவ தேங்காய் துருவுத மிஷின் வாங்கினாக. அதுக்கு முன்னால இடியாப்பம் பிழியுதது. இனி கடையத்தான் வாங்கணும்" என்றாள் மற்றவள்.

முதல் பெண் சிரிக்கவில்லை. "மூஞ்சியப் பாத்தியா? வாங்குத சந்தோசமே இல்ல."

கேலி என்றால் உலகம்மாள் தாங்கியிருப்பாள். இரக்கத்தைத் தாங்க முடியவில்லை.

இருந்தாலும் பெட்டியை வாங்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் நின்று சமையல் புத்தகம் ஒன்றும் வாங்கினாள். வீட்டில் துவையலுக்கு ஒன்று, பலகாரத்துக்கு ஒன்று, வடநாட்டுச் சப்பாத்திக் குருமாவுக்கு ஒன்று என்று ஏற்கெனவே இருந்தன. இது பாயச வகைகள்.

அவள் ஊருக்குப் போகும் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அருவிச் சாலையில் இருந்த பழைய சத்திரத்தைப் பார்த்து நடந்தாள்.

சத்திரத்தின் பின்கட்டில் அருளம்மை தங்கியிருந்தாள். காவி கட்டியவள். உலகம்மாளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். மனசு கனத்தவர்கள் அவளைத் தேடி வருவார்கள். சிலருக்குப் பதில் சொல்வாள். சிலரைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சொல்வாள். சிலரிடம் ஒன்றுமே பேசாமல் அனுப்பிவிடுவாள். அவர்களும் தெளிந்த முகத்தோடு போவார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

உலகம்மாள் கும்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"உக்காருங்கக்கா. அது என்ன பெட்டி?"

"எண்ணெய் இல்லாம பொரிக்குத மிஷின்."

"எண்ணெய் இல்லாமயா? பெறவு எதுல பொரியும்?"

"சூடான காத்துல."

அருளம்மை பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அட்டையில் அச்சடித்திருந்த படத்தை விரலால் தடவினாள்.

"அப்பளம் பொரியுமா?"

"பொரியும்னுதான் போட்டிருக்கு."

"பொரிச்சுப் பாத்திருவோமா?" என்றவள் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தாள். "பிளக் இல்லையே இங்க" என்று பெட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

துறவிக்கு இதில் என்ன ஆசை என்று உலகம்மாளுக்குத் தோன்றியது. வந்தது தப்போ என்றும் தோன்றியது.

"இப்பக் கேளுங்க" என்றாள் அருளம்மை.

"இன்னும் எதை வாங்கினா எங்க வீட்டுக்காரக வாயிலேருந்து ஒரு நெசமான வார்த்தை வரும்?"

அருளம்மை காத்திருந்தாள்.

"எதை வச்சாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்குங்காக."

"நல்ல வார்த்தைதானே?"

"நீங்க முன்னால அவுக பேசினதக் கேட்டதில்ல. ரசத்த ஒரு வாய் உறிஞ்சிட்டு, 'இதுல தக்காளி குளிச்சிட்டுப் போயிட்டுதா?'ம்பாக. சோறு குழைஞ்சா, 'பேரன் வந்திருக்கானா, பல்லு முளைக்காதவன்?'ம்பாக. கருவேப்பிலை ஒரு நாள் பழசுன்னா கண்டுபிடிச்சிருவாக. கல்யாணமான நாள்லேருந்து அவுக வாய்க்குப் பயந்து பயந்துதான் நான் அடுப்புக்கிட்ட நின்னேன்."

"இப்பப் பயம் இல்ல."

"இல்ல."

"அதுக்கா அழுதீங்க?"

அழுதேன் என்று அவள் சொல்லவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குத்தம் சொல்லுதவன் நம்மளக் கவனிக்கான், அம்மா. நல்லா இருக்குங்கவன் எந்திரிச்சுப் போறதுக்கு வழி பாக்கான். இவுக என்னையக் கைகழுவிட்டாக."

"எப்படித் தெரியும்?"

"சித்திரை விசுவுக்குப் பால் பாயசம் வச்சேன். புத்தகத்தப் பாத்துக்கிட்டே நின்னதுல அடிப்பிடிச்சிட்டு. எனக்கு ஜலதோசம், மூக்கடைப்பு, ஒண்ணும் தெரியல. ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சாக. நல்லா இருக்குன்னாக. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வாய் வச்சிட்டு ஓடியே போயிட்டு. 'அத்தை, சட்டியச் சுரண்டிப் போட்டியளா?'ன்னு கேக்கு."

அருளம்மை சிரிக்கவில்லை.

"அது போகட்டும். இன்னொரு நாள் கேஸைத் திறந்து விட்டுட்டுக் கொல்லைக்குப் போயிட்டேன். துணி உணத்திட்டு வாறேன், வீடு பூராம் நாத்தம். இவுக நடு வீட்டுல உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காக. நிமிந்துகூடப் பாக்கல. 'நாறுதது தெரியலையா, நான் செத்தாலும் ஒங்களுக்கு ஒண்ணுதானா'ன்னு கத்தினேன். முழிச்சாக. ஒரு வார்த்தை பேசல. எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டாக."

வெளியே மரத்தில் ஒரு காகம் கரைந்து ஓய்ந்தது.

"சொந்தக்காரக கல்யாணத்துல பந்திக்கு முந்தி முதல் கரண்டி அவுக கைக்குத்தான் வரும். அவுக தலையாட்டினாத்தான் இலை போடுவாக. அப்படி ஒரு மரியாதை. இப்பக் கல்யாணத்துக்கே வாறதில்ல. எங்க அண்ணன் மக கல்யாணத்துக்கு வரல. சமையக்காரர் கரண்டியோட நின்னுக்கிட்டு, 'மாப்பிள்ளை எங்கம்மா?'ங்காரு. நான் என்ன சொல்ல?"

"என்ன சொன்னீங்க?"

"மூட்டு வலின்னேன்."

அருளம்மை தலையசைத்தாள்.

"இதுதான் கடைசி, அம்மா. இந்த மிஷின்ல பொரிச்சுப் போட்டும் அதே வார்த்தைதான்னா, நான் கோயம்புத்தூருக்கு மக வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன். மக கிட்டயும் சொல்லிட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் நடுக்கம் இல்லை. அருளம்மை அவளைக் கூர்ந்து பார்த்தாள்.

"நீங்க வாங்கினதுல எடை சொல்லுத மிஷின் இருக்கா?"

"இருக்கு."

"நேரம் சொல்லுதது?"

"இருக்கு. மணி அடிக்கும்."

"அடிப்பிடிக்குன்னு சொல்லுதது?"

"அதை எவன் விப்பான்? அது மூக்குல்லா சொல்லணும்."

"யாரு மூக்கு?"

"அவுக மூக்குதான். எங்க பிறந்த வீட்டு வழக்கம், சமைக்குதவ வாயில வச்சுப் பாக்கக் கூடாது. சாமிக்குக் காட்டி, ஆம்பளைக்குப் பரிமாறி, அவுக சொன்ன பெறவுதான் எனக்கே தெரியும், என்ன சமைச்சேன்னு."

"நீங்க எப்பச் சாப்பிடுவீங்க?"

"அவுக கை கழுவின பெறவு. அடுக்களையில."

"ஒண்ணா உக்காந்தது?"

உலகம்மாள் யோசித்தாள். "கல்யாணத்தன்னைக்கு."

அருளம்மை எழுந்து மாடத்திலிருந்து எதையோ எடுத்து, உள்ளங்கையில் மூடிக்கொண்டு வந்தாள்.

"கண்ணை மூடுங்கக்கா. மூக்கைப் பிடிங்க. சின்னப் பிள்ளையில கசாயம் குடிக்கப் பிடிப்பீங்கள்லா, அது மாதிரி. நான் சொல்லுத வரைக்கும் விடக்கூடாது."

உலகம்மாள் பிடித்துக்கொண்டாள். நாக்கில் ஏதோ விழுந்தது.

"மெல்லுங்க. என்னது?"

மென்றாள். தெரியவில்லை. இன்னும் மென்றாள். சக்கையாக இருந்தது. உமியை மெல்வது போல இருந்தது.

"தெரியலையே அம்மா."

"வாசல்ல ஒருத்தன் நின்னுக்கிட்டு, எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு உங்களையே கேக்கான். என்ன சொல்வீங்க?"

பிடித்த மூக்கோடு அவள் குரல் வேறு யாருடைய குரலோ போல வந்தது. "நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்புவேன்."

"மூக்கை விடுங்க."

விட்டாள்.

ஏலக்காய்.

வாய் முழுக்க, தலை முழுக்க ஏலக்காய். அவள் கையால் எத்தனையோ பாயசங்களில் தட்டிப் போட்ட ஏலக்காய்.

உலகம்மாள் மெல்வதை நிறுத்தினாள்.

 பிறகு கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது.

"மாசி மாசம் காய்ச்சல் வந்துச்சு அவுகளுக்கு" என்றாள். "அதுக்குப் பெறகுதான். எல்லாம் அதுக்குப் பெறகுதான்."

அருளம்மை எழுந்தாள். குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அவள் பக்கத்தில் வைத்தாள்.

"ஏன் அம்மா எங்கிட்டச் சொல்லல?"

"முதல் கரண்டி யாரு கைக்கு வரும்னு சொன்னீங்க?"

உலகம்மாள் தண்ணீரைக் குடித்தாள். எழுந்தாள். கும்பிட மறந்து வாசல்வரை போய், திரும்பி வந்து கும்பிட்டாள்.

"நான் போய் என்ன சொல்லணும்?"

அருளம்மை அதற்குள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டிருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்து வழியெல்லாம் யோசித்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னால், அந்த மனிதர் எந்த முகத்தோடு இனிமேல் சாப்பிட உட்காருவார்? தெரியாதது போல இருந்தால், நல்லா இருக்கு என்ற அந்த வார்த்தை இரண்டு பேருக்கும் நடுவில் செத்துப்போன பல்லி மாதிரி கிடந்துகொண்டே இருக்கும். டாக்டரிடம் போகலாம் என்றால் யாருக்கு என்று சொல்லிக் கூப்பிடுவது? திரும்பத் திரும்ப அவளுக்கு ஒரே காட்சிதான் வந்தது. கேஸ் நிறைந்த வீட்டில், கையில் பேப்பரோடு, மனைவி எதற்குக் கத்துகிறாள் என்று புரியாமல் முழித்த முகம்.

அந்த முகத்தைத்தான் அன்றைக்கு அவள் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் பூண்டுப் புளிக்குழம்பு வைத்தாள். புடலங்காய்க் கூட்டு வைத்தாள். எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. கைப்பழக்கத்தில் செய்தாள். தாளிக்கும்போது வெந்தயம் கறுத்துவிட்டது. மாற்றித் தாளிக்கலாமா என்று நினைத்தாள். மாற்றவில்லை.

சாமிக்குக் காட்டினாள்.

அவள் கணவர் பிரமநாயகம் வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் வேலைக்குப் போகிறவர் மாதிரி நேரத்துக்கு வந்து உட்காருவார். அவள் பரிமாறினாள். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். இதுவரை அவள் அதைக் கவனித்ததில்லை.

உலகம்மாள் உள்ளே போனாள். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் நிமிர்ந்தார். "என்ன, உடம்புக்கு முடியலையா?"

"பசிக்கு."

"பசிக்குதா? நான் இன்னும் எந்திரிக்கலையே."

"எந்திரிக்க வேண்டாம்."

அவள் சோற்றைப் போட்டுக்கொண்டாள். குழம்பை ஊற்றினாள். புது வீட்டுக்கு வந்தவள் போலக் கூச்சமாக இருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தாள். அவரைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வெந்தயம் கருகிட்டு. அந்த வாடை லேசா அடிக்கு. ஆனா பூண்டு மணம் அத அமுக்கிட்டு. நல்லெண்ணெய் புதுசு, செக்குக்காரர் நேத்துத்தான் கொண்டாந்தாரு. விழுங்கின பெறகும் தொண்டையில மணக்கு."

அவர் கை தட்டில் நின்றுவிட்டது.



"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"கேலி பண்ணுதியா?"

"இத்தனை வருசம் நீங்க பண்ணினதுக்கு நான் ஒரு நாளாவது பண்ணினா என்னவாம்?"

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தாடை ஒரு முறை அசைந்தது.

"அன்னைக்கு நீ கத்தினப்பந்தான் எனக்கே தெரிஞ்சுது, கேஸு திறந்து கிடக்குன்னு" என்றார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "சாமி விளக்குப் பொருத்தலாம்னு தீப்பெட்டிய எடுத்து வச்சிருந்தேன், உலகு. பேப்பருக்கு அடியில இருந்துச்சு."

அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. சோற்றைப் பிசைந்தாள்.

"சாப்பிடுங்க. ஆறுது."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். அவளும் ஒரு வாய் சாப்பிட்டாள்.

"பூண்டு வெந்திருக்கா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "அது எனக்கே தெரியுது. வெந்திருக்கு" என்றார்.

"வெந்திருக்கு."



பிறகு பிரமநாயகம் இடது கையை நீட்டி, கூட்டுக் கிண்ணத்தை அவள் பக்கமாக நகர்த்தினார்.