வாயைத் திறந்தால் மயங்கும் மெசின்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் சந்து. அந்தச் சந்தில் செண்பகம் அக்கா வீட்டு மாடியறையில் மூன்று பேர் வாடகைக்கு இருந்தார்கள். சுடலைமுத்து, அய்யாத்துரை, வேல்ச்சாமி. மூவரில் சுடலைமுத்து மட்டும் பி.எஸ்சி. இயற்பியல். அவன் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அதனால் பல்பு எரியாவிட்டாலும் பால் திரிந்துபோனாலும் மற்ற இருவரும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பார்த்ததும் அவன் பழைய காலேஜ் நோட்டைத் தேடுவான்.

மோட்டார் சுவிட்ச் இவர்கள் அறைக்குள் இருந்தது. தொட்டி மொட்டை மாடியில் இருந்தது. தொட்டிக்கு நேர்கீழே முற்றத்தில் அக்கா கூழ்வற்றல் காயப்போடுவார். இவர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். தொட்டி வழியும். வற்றல் மறுபடியும் கூழாகிவிடும்.

"இன்னொரு தடவை என் வத்தல் நனைஞ்சா மூணு பேரும் பெட்டியைக் கட்டிரணும்" என்று அக்கா சொல்லிவிட்டார். கல்யாணமாகாத பையன்களுக்கு அந்த ஊரில் வேறு யார் வீடு கொடுப்பார்கள்?

சுடலைமுத்து யோசித்தான். மதுரையில் ஒரு கடையிலிருந்து சின்ன வைஃபை போர்டு ஒன்றை வரவழைத்தான். அதை டப்பாவில் அடைத்துத் தொட்டிமேல் வைத்து, அதன் சென்சாரைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டான். தண்ணீர் எவ்வளவு என்று வேல்ச்சாமியின் போனுக்கு அது மெசேஜ் அனுப்ப வேண்டும். அறையில் சார்ஜரைச் செருகி, ஜன்னல் வழியாக மொட்டை மாடி வரை நீள வயர் இழுத்தார்கள்.

சும்மா இருக்கும்வரை போர்டில் நீல விளக்கு அழகாக எரிந்தது. மெசேஜ் அனுப்பும் நேரம் வந்ததும் விளக்கு அணைந்து, முதலிலிருந்து ஆரம்பித்தது. தொட்டி வழிந்தது. அன்று மேகமூட்டம், அக்கா வற்றல் போடவில்லை. பிழைத்தார்கள்.

"நல்லாத்தாம்ல இருக்கு. வாயைத் தொறந்தாத்தான் மயக்கம் வருது" என்றான் அய்யாத்துரை.

"கூச்ச சுபாவமா இருக்கும்" என்றான் வேல்ச்சாமி. இருவரும் சுடலைமுத்துவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவன் மதுரைக் கடைக்காரர் சகாயம் அண்ணாச்சிக்குப் போன் போட்டான். மெசேஜ் அனுப்பும் நொடியில் போர்டு கரண்டை நிறைய இழுக்கும், அது கிடைக்காமல்தான் மயங்குகிறது என்று அவர் விளக்கினார். கரண்டைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர் ஒன்றைப் போர்டுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார்.

கெப்பாசிட்டர் வாங்கி வந்து, எந்த வயரிலும் இணைக்காமல், பக்கத்தில் வைத்தார்கள். பக்கம் என்றால் எவ்வளவு பக்கம் என்று விவாதம் நடந்தது. ஒரு விரல் இடைவெளி போதும் என்றான் வேல்ச்சாமி. இடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்றான் அய்யாத்துரை. கடைசியில் இரண்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள். அப்படியும் மயங்கியது. இடப்பக்கம் ஆகவில்லையோ என்று வலப்பக்கம் மாற்றிக் கட்டினார்கள். அந்தப் பக்கமும் மயங்கியது.

மறுபடி போன். அந்த லைனில் வேறு என்னென்ன ஓடுகிறதோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி. ஃபேன், லைட், அயர்ன் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். மோட்டாரையும் நிறுத்தினார்கள். நீல விளக்கு அன்று மினுங்காமல் எரிந்தது. முதன்முதலாக மெசேஜும் வந்தது: தொட்டி காலி. மூவரும் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போதே, தலை நிறையச் சீயக்காயோடு அக்கா படியேறி வந்தார்.

"குழாயில சொட்டுத் தண்ணி வரலை."

"ஆமாக்கா" என்றான் சுடலைமுத்து பணிவாக. "மெசினும் அதைத்தான் சொல்லுது."

"அதை நானே சொல்லுதேன். அதுக்கு எதுக்குல மெசின்?"

மூன்றாவது போனில்தான் அண்ணாச்சி வயரைப் பற்றிக் கேட்டார். நீளத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இந்தப் பக்கம் கேட்டது. அவ்வளவு தூரம் போவதற்குள் வோல்டேஜ் குறைந்துவிடும், சார்ஜருக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு சாண் வயர்தான் இருக்க வேண்டும் என்றார்.

ஒரு சாண் விட்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். போர்டு இப்போது அறைக்குள் பிளக் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. தொட்டி மாடியிலேயே இருந்தது. தொட்டியைக் கீழே இறக்கிவிடலாம் என்று மூவரும் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

அய்யாத்துரை நெடுநேரம் தாடையைத் தடவினான். "போர்டுதான தண்ணிகிட்டப் போக முடியாது? தண்ணி போர்டுகிட்ட வரலாம்லா?"

ஒரு வாளி வந்தது. குளியலறைக் குழாயில் டியூப் மாட்டி வாளியை நிரப்பி, சென்சாரை உள்ளே விட்டார்கள். விளக்கு மினுங்கக்கூட இல்லை. தொட்டி நிறைந்தது என்று போனில் மெசேஜ் விழுந்தது. ஆனால் சுடலைமுத்து மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தான்.

"தொட்டியில பாதிதான இருக்கு. மெசின்கிட்ட நாம பொய் சொல்லலாமால?"

கூடாது என்று ஒருமனதாக முடிவானது. வேல்ச்சாமி மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்க்க வேண்டும். இறங்கி வந்து வாளியிலும் அதே அளவு தண்ணீர் வைக்க வேண்டும். மெசின் அதைப் பார்த்து வேல்ச்சாமியின் போனுக்கு மெசேஜ் அனுப்பும். வேல்ச்சாமி அதை வாசிக்க, அய்யாத்துரை மோட்டாரைக் கவனிப்பான்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். அக்கா முற்றம் முழுக்க வற்றல் பரப்பினார். சுடலைமுத்து குலசாமியைக் கும்பிட்டு மோட்டாரைப் போட்டான். வேல்ச்சாமி ஏறினான், இறங்கினான். கால் தொட்டி என்றது மெசின். ஏறினான், இறங்கினான். அரைத் தொட்டி என்றது. சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. கடைசியில் தொட்டியில் தண்ணீர் விளிம்பைத் தொடுவதைக் கண்டு தாவி இறங்கி வந்தான். மேலிருந்து கத்தலாமே என்று அவனுக்குத் தோன்றவில்லை. அது மெசினுடைய வேலை. குழாயைத் திறந்து வாளியை நிரப்பினான். மெசேஜ் வந்தது.

"தொட்டி நிறைந்தது" என்று மூச்சிரைக்க வாசித்தான்.

"அதுவே சொல்லிட்டுதா?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு அய்யாத்துரை மோட்டாரை நிறுத்தினான்.

வற்றலில் ஒரு சொட்டு விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா முன்பே காய்ந்த வற்றலில் ஒரு தட்டு பொரித்துக்கொண்டு மாடிப்படி வரை வந்தார்; மூவரும் வெளியே போய் வாங்கிக்கொண்டார்கள். "நல்ல மெசின்தான். இனிமே பெட்டி கட்ட வேண்டாம். ஆனா இந்தப் புள்ளைக்கு எதுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"வயர் இல்லாத மெசின்லாக்கா" என்றான் சுடலைமுத்து. "அந்தத் தூரத்தை யாராவது ஓடணும்லா?"

அக்கா போனதும் அறைக்குத் திரும்பியபோதுதான் பார்த்தார்கள். குழாயை மூட மறந்திருந்தார்கள். வாளி வழிந்து மூன்று பாயும் மிதந்துகொண்டிருந்தன. இருவரும் சுடலைமுத்துவின் முகத்தைப் பார்த்தார்கள். இந்தத் தடவை அவன் நோட்டைத் தேடவில்லை. நேராகப் போனை எடுத்தான்.

"அண்ணாச்சி, இன்னொரு போர்டு அனுப்புங்க."

"ஏன்ல, முதல் போர்டு போயிருச்சா?"

"அது ஜோரா ஓடுது. அது தொட்டிக்கு. இது வாளிக்கு." பின்னால் வேல்ச்சாமி காதில் ஏதோ சொன்னான். "வயர் ஒரு சாண் போதும் அண்ணாச்சி. இப்பமே வாளிக்குப் பதிலா பக்கத்துல ஒரு தண்ணிச் செம்பு வச்சிட்டோம்."