தகரக் காகம்

“எவனோ ஒருத்தன், அம்மா. எவனோ ஒரு பாவி. அவன்தான் எங்கம்மாவைப் பட்டினி போட்டுட்டான்.”

சடையப்பன் தட்டைக் குருவின் முன்னால் ணங்கென்று வைத்தான். சோறு, எள்ளுருண்டை, வடை. எல்லாம் காய்ந்து போயிருந்தது.

குரு உமையாள் அவனைவிட வயதில் சிறியவள். கிழிந்த போர்வை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நிற்கவில்லை.

“யார் அவன்?”

“பேர் தெரிஞ்சா விட்டுவைப்பேனா? பூமியிலேருந்து கப்பல் கிளம்பினப்போ எதை ஏத்தணும், எதை விடணும்னு முடிவு பண்ணினவன். ஆட்டை ஏத்தினான். தேனீயை ஏத்தினான். மண்புழுவுக்குக்கூடத் தனி அறை கொடுத்தான். காக்காயை விட்டுட்டான்!”

உண்மைதான். செவ்வந்திக் கோளில் காகம் கிடையாது.

மனிதர்கள் இங்கே குடியேறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கண்ணாடிக் குமிழிகளுக்குள் வீடு இருக்கிறது, வயல் இருக்கிறது, கோயில் மணி அடிக்கிறது, மாமியார் மருமகள் சண்டை குறைவில்லாமல் நடக்கிறது. செத்தவர்களுக்குப் படைத்த சோற்றை எடுக்கத்தான் ஒரு பறவை இல்லை.

“இன்னைக்கு எங்கம்மாவுக்குக் காரியம்” என்றான் சடையப்பன். “விடிஞ்சதிலேருந்து வாசல்ல நின்னு கா கான்னு கத்தறேன். தொண்டை போச்சு. நின்னுக்கிட்டே சாப்பிட்டு நின்னுக்கிட்டே வாழ்ந்தவம்மா அவ. இந்த ஒரு வாய்ச் சோறாவது அவளுக்குப் போய்ச் சேர வேண்டாமா?”

“நீ சாப்பிட்டியா?”

“அவ எடுக்காம நான் எப்படிச் சாப்பிடறது? நேத்துலேருந்து வெறும் தண்ணிதான்.”

உமையாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஊர்ல வீட்டுக்கு வீடு ஒரு காக்கா இருக்கே, சடையா.”

சடையப்பன் தரையைப் பார்த்தான்.

இருந்தது. தகரக் காகம். சாவி கொடுத்தால் தலையைச் சாய்த்துப் பார்க்கும். கொத்தும். சோறு அதன் வயிற்று டப்பாவில் போய் விழும். வீட்டார் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். தள்ளுவண்டியில் வைத்து அதை விற்க ஆரம்பித்தவன் சடையப்பன். இன்று எல்லாக் குமிழிக் கடைகளுக்கும் மொத்தமாக அனுப்புகிறவன் அவன்தான். பேரத்தில் அவன் போடுகிற சத்தத்தில் பாதி நடிப்பு.

இன்றைக்குப் போட்டது நடிப்பில்லை.

“உன் குடோன் நிறைய அடுக்கி வெச்சிருக்கே. ஒண்ணை எடுத்து வைக்கறதுதானே?”

“விளையாடாதீங்கம்மா. அது தகரம்!”

ஊசி நின்றது.

“பெத்தவளுக்குப் போய் யாராவது தகரத்தை...” என்றான். பாதியில் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. நிறுத்திக்கொண்டான்.

உமையாள் போர்வையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

“தட்டை எடு. வா.”

“எங்கே?”

“காக்கா தேட.”

வழி நெடுக அவன் பேரம் பேசிக்கொண்டே வந்தான்.

“என்ன செலவானாலும் சரி, பூமியிலேருந்து ஒரு ஜோடி வரவழைச்சிடறேன்.”

“கப்பல் வர எத்தனை காலம் ஆகும்?”

“அதுக்குள்ள நானே போய்ச் சேர்ந்துடுவேன்.”

“நல்லதாப் போச்சு. உனக்கும் சேர்த்து வெச்சுடலாம்.”

கடைக்கோடிக் குமிழியில் ஒரு வீடு. உள்ளே இசக்கியம்மாள் படையல் தட்டின் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு தகரக் காகம், கழுத்தைச் சாய்த்தபடி, அசையாமல்.

“வாங்கம்மா. வந்து இந்தக் கூத்தைப் பாருங்க. முந்தாநாள்லேருந்து எங்க வீட்டுக்காரர் எடுக்க மாட்டேங்கறார். வத்தக்குழம்பு வெச்சுப் பார்த்தேன். அப்பளம் பொரிச்சேன். மன்னிப்புக்கூடக் கேட்டுட்டேன். உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான், முறுக்கிக்கிட்டா நாலு நாள் பேச மாட்டார். என்ன கோபமோ!”

“நீங்க சாப்பிட்டீங்களா?” என்று சடையப்பன் கேட்டான்.

“அவர் எடுக்காம நான் எப்படிப்பா சாப்பிடுவேன்?”

சடையப்பன் குனிந்து காகத்தின் சாவியைத் திருப்பினான். அது பிடிமானமில்லாமல் சும்மா சுற்றியது. ஸ்பிரிங் அறுந்திருந்தது. பட்டறைக்காரனோடு மல்லுக்கு நின்று, கொத்துகிற கொத்துக்கு மெல்லிசு ஸ்பிரிங்கே போதும் என்று அடித்துப் பேசி முடித்தவன் அவன்தான். அன்றைக்கு அது பெரிய வெற்றி.

“அவருக்குக் கோபம் இல்லைம்மா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவன் திரும்பி உமையாளைப் பார்த்தான். அவள் குமிழியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சடையப்பன் தகரக் காகத்தை ஓரமாக நகர்த்தினான். அது இருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டான்.

இசக்கியம்மாள் பதறி எழுந்தாள்.

அவன் நிறுத்தவில்லை. பசியோடு, சத்தம் வர, குழம்பு முழங்கைக்கு வழியச் சாப்பிட்டான்.

கத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“மெதுவாப்பா” என்றாள். “விக்கிக்கப் போகுது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?”

அவன் தலையாட்டினான். அவள் ஊற்றினாள்.

சடையப்பன் கொண்டுவந்த தட்டை உமையாள் அவள் பக்கம் நகர்த்தினாள்.

“இது இவனோட அம்மாவுக்கு வெச்சது. எடுக்க ஆள் வரலை.”

இசக்கியம்மாள் அவனைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி உட்கார்ந்தாள். எள்ளுருண்டையை உதிர்த்து வாயில் போட்டாள்.

சடையப்பனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நாலு வாய் உள்ளே போனதும் அவளுக்குத் தெம்பு வந்தது. தெம்போடு கோபமும் வந்தது. காகத்தைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே எதுவோ கலகலத்தது. துண்டு ஸ்பிரிங் ஒன்று தரையில் விழுந்தது.

“அட நாசமாப் போறவனே! இதுக்கா நான் அந்த மனுஷர்கிட்ட மன்னிப்புக் கேட்டு அழுதேன்?”

சடையப்பன் தட்டின் மேல் இன்னும் குனிந்தான். இசக்கியம்மாள் உமையாள் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, இதைச் செஞ்சு வித்தவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? இந்த வரிசை வீடு பூரா காக்கா இப்படித்தான் கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு நிக்குது. அத்தனை வீட்லயும் செத்தவங்க கோவிச்சுக்கிட்டாங்கன்னு அடுப்பு மூட்டாம உக்காந்திருக்காங்க. எவனா வேணா இருக்கட்டும், அவனை வரச் சொல்லுங்க. வீடு வீடா ஏறி வந்து, இதைச் சரி பண்ணச் சொல்லுங்க!”