அந்தமான் வரைக்கும் உதைத்த துப்பாக்கி

நெடுங்கழிப் படகுத்துறையில் எஞ்சின் மக்கர் பண்ணிவிட்டது. படகோட்டி குப்புராசு அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அக்கரைக்குப் போகவேண்டியவர்கள் புன்னை மர நிழலில் ஒதுங்கினார்கள்.

அவர்களில் ஒருத்தி வனக்காவலர் பூங்கோதை. காக்கி உடுப்பெல்லாம் சேறு. விடியற்காலையில் உப்பங்கழிக்குள் வெடிச்சத்தம் கேட்டு ஓடியிருந்தாள். ஊசிவால் வாத்துகள் செத்து மிதந்தனவே தவிர, சுட்டவனைக் காணோம். வேலைக்குச் சேர்ந்து அவளுக்கு இது முதல் பனிக்காலம். ஆளைப் பிடிக்காவிட்டால் நாளைக்கும் வருவான், மிச்சப் பறவைகளும் போய்விடும் என்கிற கவலை அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"கழியில யாரோ வாத்து சுட்டிருக்காங்க. யாருக்காச்சும் எதாச்சும் தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டு வைத்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வாத்து சுடுறதுன்னா சும்மாவா மேடம்?" என்று ஆரம்பித்தான் வலை பின்னுகிற ஏகாம்பரம். "எங்கிட்ட ஒரு துப்பாக்கி இருந்துச்சு. ஜமீன் பங்களா ஏலத்துல எடுத்தது. குழல் எவ்ளோ அகலம்னு நெனைக்கிறீங்க? உள்ள பூனை குட்டி போட்டு, குட்டிங்க வளந்து, அதுங்களும் குட்டி போட்டுச்சு. தாய்ப்பூனைக்கு அது தெரியவே தெரியாது."

பக்கத்தில் இறால் பண்ணை முதலாளி தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். "கேட்டுக்குங்க மேடம், வாயாலயே ஒத்துக்கிறான்" என்றார் சந்தோஷமாக.

"வெடிமருந்தைக் குழலுக்குள்ள இடிச்சு இறுக்க உலக்கை. தோள்ல வெச்சுச் சுட்டா தோளு எதிர்க்கரைக்குப் போயிரும்னு படகுலயே கட்டினேன். ஒரே வெடி. நானூறு வாத்து!"

"ஒரு வாத்துக்கே ஜெயில் தெரியுமா?" என்றாள் பூங்கோதை. "சின்னத் துப்பாக்கி, பெரிய துப்பாக்கின்னு சட்டத்துல பேதமில்ல. வாத்து சுடவே கூடாது."

ஏகாம்பரம் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "செத்துச்சுன்னு நான் சொன்னேனா? இறகுதான் உதுந்துச்சு. நானூறும் மொட்டையா கரையேறி, வெக்கப்பட்டுக்கிட்டு, ஓரமா வரிசையா நடந்தே ஊருக்குப் போச்சுங்க."

"இறகு வெச்சிருக்கிறதும் குத்தம்."

"நான் எங்க மேடம் வெச்சேன்? இறகு கீழ விழும்போது நான் அந்தமான்ல இருந்தேன்."

குப்புராசு ஸ்பானரைக் கீழே வைத்தான். "அந்தமான்லயா?"

"பின்ன? அந்த உதை உதைச்சுது. படகு பின்னாலயே போயி, முகத்துவாரம் தாண்டி, கடலைத் தாண்டி அந்தமான் மணல்ல முட்டிதான் நின்னுச்சு. எறங்கி ஒரு டீ குடிச்சேன்."

"திரும்பி எப்படிய்யா வந்தே?"

"படகைத் திருப்பி வெச்சு இன்னொரு வெடி."

எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் கடுத்துக்கொண்டே வந்தது. பூங்கோதை அதைப் பார்த்தாள். பொய்யைக் கேட்டு இவ்வளவு கோபப்படுவானேன் என்று தோன்றியது. ஏகாம்பரத்தை அவள் தடுக்கவில்லை.

"அத்தனை பெரிய குழல்ல என்ன போட்டு சுட்டே?" என்று கேட்டாள்.

"ஈய ரவை கட்டுப்படியாகுமா? சைக்கிள் பால்ரஸு, பலாக்கொட்டை, ரெண்டு பழைய பூட்டு."

"யோவ், நிறுத்துய்யா!" தணிகாசலம் எழுந்தே விட்டார். "துப்பாக்கியைத் தொட்டிருக்கியா நீ? பூட்டைப் போட்டா குழல் வெடிச்சு உன் மூஞ்சி போயிருக்கும். வாத்துக்கு எதுக்குய்யா பீரங்கி? அவ்ளோ கனத்தைத் திருப்புறதுக்குள்ள அது பறந்து போயிரும். சாதா ரெட்டைக்குழல் போதும். நாலாம் நம்பர் ரவை. வடக்குச் சேத்துல, அந்த ஒடிஞ்ச தென்னைக்குப் பக்கத்துக் கோரையில குனிஞ்சு உக்காந்துக்கணும். வாடைக் காத்துன்னா அதுங்க எதுத்தாப்புலதான் எழும்பும். எழும்புற நேரத்துல தலைக்கு ஒரு சாண் முன்னால குறி வெச்சா, ரெண்டு தோட்டாவுல ஏழெட்டு விழும். காலையில கூட..."

அதோடு வாய் மூடிக்கொண்டது.

ஒடிந்த தென்னைக்குப் பக்கத்தில் அமுங்கிக் கிடந்த கோரையை விடிகாலையில் பூங்கோதைதான் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வேறு யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"காலையில கூட... என்ன சார்?"

தணிகாசலம் செருப்பைத் தேடினார். காலில்தான் இருந்தது.

"பண்ணைக் காவலுக்குன்னு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியிருக்கீங்கல்ல, எங்க ஆபீஸ் லிஸ்ட்டுல பாத்தேன். அந்த ரெட்டைக்குழலைப் பாக்கணும். வாங்க, சேந்தே போவோம்" என்றாள். ரேஞ்சருக்குப் போன் போட்டு ஜீப்பை வரச்சொன்னாள்.

ஏகாம்பரம் காலை நீட்டி உட்கார்ந்தான். "பாத்தீங்களா மேடம்? என் துப்பாக்கி வெடிக்காமலே ஒருத்தரை வீழ்த்திருச்சு. அப்பேர்ப்பட்ட குறி!"

பூங்கோதை திரும்பினாள். "அதுவும் சரிதான். நாலு பேர் எதிர்ல சொல்லிட்டீங்க, அதையும் நான் பாத்தாகணும். எங்க இருக்கு உங்க துப்பாக்கி?"

அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பஞ்சாயத்துக்குக் குடுத்துட்டேன் மேடம். டேங்குலேர்ந்து ஊருக்கு வருதே குடிதண்ணிக் குழாய், அது அந்தத் துப்பாக்கிக் குழல்தான்."

குப்புராசு எஞ்சினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்:

"அதான் தண்ணி வர்றதில்ல."