காசுக்கடைக்காரர் கட்டிய பரிவட்டம்

காசு சேர்த்து வைத்திருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இந்தக் கதை முக்கியமாக உங்களுக்குத்தான்.

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலத்தில், சங்குத்துறை என்றொரு பட்டினம். அங்கே வயிரவநாதர் என்று ஒரு காசுக்கடைக்காரர். ஊரார் தங்கள் சேமிப்பை அவரிடம் கொடுத்து வைப்பார்கள்; கேட்ட நாளில் வட்டியோடு எடுத்துத் தருவார். மனிதர் நல்லவர்தான், திருட்டுப் புத்தி கிடையாது. ஆனால் புகழாசை இருந்ததே, அது திருட்டைவிடப் பொல்லாதது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். திருவிழாச் செலவை ஏற்பவருக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள். பரிவட்டம் கட்டிய தலை பொய் சொல்லாது என்பது ஊர் நம்பிக்கை.

முதல் வருஷம் வயிரவநாதர் மல்லர்களுக்குப் பாலும் நெய்யும் கொடுத்து வளர்த்தார். ஜெயித்தவனுக்குப் பொற்கடகம் பூட்டினார். பரிவட்டம் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் பலர் காசு கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம் கூத்தாடுகிறவர்களுக்கு மண்டபம் எழுப்பினார். பரிவட்டம் கிடைத்தது, காசும் வந்தது. மூன்றாம் வருஷம் இவை இரண்டோடு படகுப் பந்தயத்தையும் சேர்த்துக்கொண்டார். வந்த காசெல்லாம் விழாவுக்கே போயிற்று. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான், வேறென்ன?

அதே ஊரில் சடையாண்டி என்று ஒரு முத்துக்குளிப்பவன். ஆழத்தில் மூழ்கி மூழ்கி அவன் காதிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. இனி மூழ்கினால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வயிரவநாதரிடம் கொடுத்து வைத்த காசை வாங்கி ஒரு துண்டு நிலம் வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். நிலத்துக்காரரோ, பௌர்ணமி வரைதான் பொறுப்பேன் என்றார்.

பெண்டாட்டி பவளாயி காசுக்கடைக்குப் போனாள். "மல்யுத்தம் முடியட்டும், தாயி" என்றார் வயிரவநாதர். மறுபடி போனாள். "கூத்து முடியட்டும்." மூன்றாம் முறையும் போனாள். "படகுப் பந்தயம் முடியட்டும்."

பௌர்ணமி வந்துவிட்டது. பந்தயத் துறையில் ஊரே கூடியிருந்தது. பவளாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். அவருக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "பாவம், ஏழைப் பெண். ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுங்கள்" என்று உரக்கச் சொன்னார். ஜனங்கள் அவரைத் தர்மப்பிரபு என்று புகழ்ந்தார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

பவளாயி புடவையைத் தொடவில்லை. "தானம் வேண்டாம் ஐயா. நாங்கள் கொடுத்து வைத்ததைக் கொடுங்கள்" என்றாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் உப்பு வியாபாரி, "அப்படியே என்னுடையதையும் கொடுத்துவிடுங்கள்" என்றார். பொழுது சாய்வதற்குள் கடை வாசலில் ஊரே நின்றது. பெட்டிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

அரசன் அவர் வீட்டையும் மண்டபத்தையும் விற்கச் சொன்னான். மல்லன் தானாகவே கடகத்தைக் கழற்றிக் கொடுத்தான். எல்லாம் சேர்ந்தும் ஆளுக்குக் கால் பங்குகூடத் தேறவில்லை. நிலம் வேறொருவன் கைக்குப் போயிற்று. சடையாண்டி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மறுபடி கடலுக்குக் கிளம்பினான்.

அன்று வயிரவநாதர் தனியே துறைக்கு வந்தார். முத்துக்குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து அவன் மைத்துனன்தான் பிடிப்பான். கை தவறினால் தன் தங்கையின் தாலி போகும் என்ற பயம் அவனுக்குத்தானே இருக்கும்? பவளாயி படகருகே நிற்க, அவள் அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"கூலி வேண்டாம் தாயி. நானும் கூட ஒரு கை பிடிக்கிறேன். செய்த பாவம் கொஞ்சமாவது தீரட்டும்" என்று வயிரவநாதர் கெஞ்சினார். மெய்யாகவே அழுதார்.

பவளாயிக்கும் கண் கலங்கிற்று. "காசை உங்களை நம்பிக் கொடுத்தோம், ஐயா. இது அவர் உயிர். இதை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை" என்றாள்.

படகு கிளம்பிற்று. அவர் கரையிலேயே நின்றார்.

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை எடுத்துத் தானம் செய்கிறவன் தானத்தின் புகழையும் இழப்பான், மனிதரின் நம்பிக்கையையும் இழப்பான்.